காணாமல் போன ஒன்பதுகள்

அத்தியாயம் பதினொன்று

நாலு டாக்டர், நாலு பதில். இதுவரை கூடவே வந்தவர்களுக்கு இது தெரியும். இந்த வாரம்தான் வண்டியில் ஏறுகிறவர்களுக்காக இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

நம் டீச்சருக்கு வயது நாற்பத்தொன்று. பள்ளிக்கூட டீச்சர் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டீச்சர். மூன்று வருஷமாக அவளுக்கு அடிவயிற்றுக்கும் கீழே, இடுப்பெலும்புக்கு உள்ளே, கை வைத்து இங்கேதான் என்று காட்ட முடியாத ஓர் இடத்தில் வலி. உட்கார்ந்தால் வலி. ரொம்ப நேரம் நின்றால் வலி. பாத்ரூம் போய்விட்டு வந்தால் அரை மணி நேரம் வலி. கணவர் ஆசையாகப் பக்கத்தில் நகர்ந்து படுத்தாலே அவளுக்குப் பயம் வந்துவிடும், அவருக்கும் அது தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

முதல் டாக்டர் குடல் என்றார். இரண்டாமவர் மூத்திரப்பை என்றார். மூன்றாமவர், "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். அவள் "ஒன்பது" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "ஒன்பது வலிக்கறவங்க இப்படி நடந்து வரமாட்டாங்கம்மா. மனசை லேசா வச்சுக்கங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

நாலாமவர் சர்ஜன். அவர் சிரிக்கவில்லை. ஸ்கேனைப் பார்த்தார், ஆறு வார வலிச் சார்ட்டைப் பார்த்தார், "கர்ப்பப்பை கொஞ்சம் பருத்திருக்கு. வலியும் ஒரே சீரா விடாம இருக்கு. எடுத்துடலாம்" என்றார். வருகிற திங்கட்கிழமை தேதி. இன்றைக்கு வியாழன். சாயங்காலம் நாலு மணிக்குள் போன் செய்து சரி என்று சொல்ல வேண்டும்.

ஒரு வயிற்றில் இத்தனை பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டால் வயிற்றுக்காரி எங்கேதான் போவாள்?

*

காலையில் அவள் படி இறங்கி வந்தபோது கூடத்தில் கட்டில் போட்டிருந்தது. புது விரிப்பு. தலைமாட்டில் ஒரு மணி கூட.

"என்ன அண்ணி இது?"

அண்ணி என்பது அவள் நாத்தனார், கணவருக்கு மூத்தவள். பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றது ஆபீஸிலிருந்துதான், அதிகாரத்திலிருந்து இல்லை.

"ஆபரேஷனுக்கப்புறம் மாடி ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல? அதான் கட்டில் கீழ வந்தாச்சு. ஆறு வாரத்துக்கு யார் என்னிக்கு என்ன வேலை பாக்கணும்னு எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டியாச்சு. நீ வந்து படுக்கறது ஒண்ணுதான் பாக்கி."

"இன்னும் நான் சரின்னு சொல்லலையே."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? வலிக்குதுன்னு நீதான சொன்னே? எடுக்கறேன்னு அவர்தான சொன்னார்? நடுவுல என்ன பஞ்சாயத்து?"

எடுத்தால் சரியாகிவிடுமா என்று டீச்சர் சர்ஜனிடம் கேட்டிருந்தாள். "நிறைய பேருக்கு ஆகுது" என்றார் அவர். அந்த நிறைய பேரில் தான் உண்டா, இல்லை மிச்சப் பேரில் சேர்த்தியா என்று ஒரு வாரமாக அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

கணவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். அவர் கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். இன்ஸ்பெக்டர் என்று யாரோ சொல்லப்போய், தெருவில் குடிவந்த புதிதில் எல்லாரும் அவரைக் கண்டால் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார்கள். பாட்டில் இன்ஸ்பெக்டர்தான் என்று தெரிந்த பிறகுதான் பேசவே ஆரம்பித்தார்கள்.

"ரெண்டு மணிக்குப் பிசியோதெரபி. நான் அரை நாள் லீவு போட்டிருக்கேன். ஃபைலை நான் எடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி எழுந்திருப்பது, எப்படி இருமுவது என்று சொல்லிக்கொடுப்பார்களாம். அதற்குத்தான் பிசியோ. அந்த ஃபைல் அவருடைய கைவேலை. பச்சை அட்டை, ஒவ்வொரு தாளுக்கும் பிளாஸ்டிக் உறை, அளவுகோல் வைத்துப் போட்ட கட்டங்கள். வலியைத் தினமும் ஓர் எண்ணாகக் குறித்து வரச் சொல்லியிருந்தார்கள். அவள் காருக்குள் ஒரு சின்ன நோட்டில் கிறுக்கி வைத்திருந்தாள். அந்தக் கோழிக் கிறுக்கலைச் சர்ஜன் எப்படிப் படிப்பார் என்று அவர்தான் உட்கார்ந்து நல்ல பிரதி எடுத்தார். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தன் வலிக்கு இவ்வளவு அழகாக ஒருவர் கோடு போட்டுத் தருகிறாரே என்று உள்ளுக்குள் உருகிப்போய் வாங்கி வைத்துக்கொண்டாள்.

*

பத்து மணிக்கு ரொட்டிக்கடைக்காரருக்குப் பாடம். டெஸ்டில் மூன்று தடவை தோற்றவர். நாலாவது தடவை அடுத்த புதன்கிழமை. டெஸ்ட் எப்போதும் புதன்கிழமைதான்.

"ஸ்டியரிங்கை மாவு மாதிரி பிசையாதீங்க சார்."

"கை பழக்கம் டீச்சர்."

ரவுண்டானாவுக்கு முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. கற்றுக்கொடுக்கிற காரில் டீச்சர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ரொட்டிக்கடைக்காரர் சைக்கிளைப் பார்ப்பதற்கு முன்பே அவள் கால் அதன்மேல் இருந்தது. வண்டி குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் ஏதோ சொல்லிவிட்டுப் போனார், காதில் விழாததே நல்லது.

"நான் மிதிச்சேனா, நீங்க மிதிச்சீங்களா டீச்சர்?"

"ரெண்டு பேருந்தான். ஓரமா நிறுத்துங்க."

அவள் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரோ துணியை முறுக்கிப் பிழிவது போல ஒரு வலி வந்து, தொடை வரைக்கும் இறங்கியது. நிமிர்ந்து, ஒரு தடவை காரைச் சுற்றி நடந்து, மறுபடியும் ஏறிக்கொண்டாள்.

"முதுகா டீச்சர்?" என்று கேட்டார் அவர், பாவம்.

"ஆமா, முதுகுதான்" என்றாள். மூன்று வருஷமாக ஊருக்கெல்லாம் அவளுக்கு முதுகுவலிதான்.

*

பிசியோ அம்மா நடுத்தர வயசு. முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. பச்சை ஃபைலைத் திறந்து, வலிச் சார்ட்டில் விரலை ஓட்டினாள். விரல் நின்றது. மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓட்டினாள்.

"முதல் வாரம் அஞ்சு, ரெண்டாவது வாரம் அஞ்சு, மூணாவது அஞ்சரை, அப்புறம் மூணு வாரமும் அஞ்சு. தினமும் எழுதச் சொன்னாங்கல்ல?"

"தினமும்தான் எழுதினேன்" என்றாள் டீச்சர்.

"அப்ப தினசரி கணக்கு எங்க? இது கோடு போட்ட மாதிரி இருக்கே. உடம்பு இப்படி நேரா வலிக்காதுங்க."

கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான்தான் சுருக்கிப் போட்டேன். வாரச் சராசரி."

"எப்படிப் போட்டீங்க?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் உற்சாகம் கூட வந்துவிட்டது. "எங்க தொழிற்சாலையில மணிக்கு ஏழு பாட்டில் எடுத்துக் கனம் அளப்போம். அதுல ரொம்ப அதிகமா ஒண்ணு வரும், ரொம்பக் குறைச்சலா ஒண்ணு வரும். அளந்தவன் கை ஆடியிருக்கும்னு அது ரெண்டையும் அடிச்சிடுவோம். மிச்சம் அஞ்சைக் கூட்டி வகுத்துப் போட்டா சரியா வரும். வாரத்துக்கும் ஏழு நாள்தான? அதே மாதிரி..."

அவர் முடிக்கவில்லை. இரண்டு பெண்களும் தன்னைப் பார்ப்பதை அப்போதுதான் கவனித்தார்.

"என் ஒன்பதெல்லாம் எங்க?" என்றாள் டீச்சர்.

அவர் பச்சை ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வாரத்துக்கு ஒரு நாளாவது ஒன்பது எழுதினேனே. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு எழுதினேன். அது கை ஆடினதா?"

"அந்த நோட்டு இருக்கா?" என்று கேட்டாள் பிசியோ அம்மா.

நோட்டு காரில் இருந்தது. கணவர் ஓடிப்போய் எடுத்துவந்தார். அவர் ஓடி அவள் பார்த்ததே இல்லை. பிசியோ அம்மா மேஜையில் நோட்டை விரித்துவைத்து, எண்களுக்குப் பக்கத்தில் கிழமைகளைச் சொல்லச் சொன்னாள். முதல் வாரம்: ஞாயிறு ஒன்று, திங்கள் நாலு, செவ்வாய் ஐந்து, புதன் ஒன்பது, வியாழன் ஏழு, வெள்ளி ஐந்து, சனி நாலு. ஆறு வாரத்தில் ஆறு ஒன்பது. அவற்றில் நாலு புதன்கிழமை. மற்ற இரண்டு மாதவிலக்கின் முதல் நாள். ஒன்று என்று எழுதியதெல்லாம் ஞாயிறு.

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். காரை எடுக்க மாட்டேன்."

"புதன்கிழமை?"

"டெஸ்ட் நாள். நாலஞ்சு பேரைக் கூட்டிட்டுப் போவேன். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஓட்டுவாங்க. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பக்கத்து சீட்டுலதான் இருப்பேன்."

பிசியோ அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கார்ல உக்கார்ற மாதிரி உக்காருங்க. வயித்து மேல கை வைக்கலாமா? சரி. பக்கத்துல ஒருத்தர் ஓட்டுறார்னு நினைச்சுக்கங்க. தெரு நல்லா இருக்கு. திடீர்னு ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கிட்டு ஓடி வருது."

நாற்காலிக்கு முன்னால் பிரேக் இல்லை. இருந்தும் டீச்சரின் வலது கால் தரையை அழுத்தியது. மூச்சு நின்றது.

"ம். இப்ப விடுங்க."

"விட்டுட்டேன்."

"இல்ல, விடல."

"விட்டுட்டேங்க."

"காலை விட்டுட்டீங்க. உள்ள விடல. இடுப்புக்கு அடியில, தொட்டில்துணி மாதிரி ஒரு தசை இருக்கு. மூத்திரம் வந்தா அடக்குறோமே, அந்தத் தசை. அதை இப்பவும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. எத்தனை வருஷமா கார் சொல்லிக்குடுக்கறீங்க?"

"பதினாறு."

"பதினாறு வருஷமா பிரேக்கை மிதிக்கறதுக்கு முன்னாடி இதைப் பிடிச்சிருக்கீங்க போல. கையை ஒரு நாள் முழுக்க முஷ்டியா மடக்கி வச்சிருந்தாலே வலிக்காதா?"

டீச்சர் விட்டுப் பார்த்தாள். எதை விடுவது என்றே புரியவில்லை. தன் உடம்பில் தனக்குத் தெரியாமல் ஒன்று இத்தனை வருஷமாக வேலை செய்திருக்கிறது என்றால் யாரைக் கேட்பது? அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கொஞ்சம் சிரிப்பு கூட வந்தது.

"அப்ப ஆபரேஷன் வேண்டாமா?" என்று கணவர் கேட்டார்.

"அப்படி நான் சொல்லல. மாதவிலக்கு அன்னிக்கும் ஒன்பது இருக்கு பாருங்க. கர்ப்பப்பையிலயும் கோளாறு இருக்கலாம். ரெண்டும் சேந்தும் இருக்கலாம். எடுக்கறதா வேண்டாமான்னு சர்ஜன்தான் சொல்லணும். ஆனா அவர் பாத்த கணக்கு இவங்களுது இல்ல, அதை மட்டும் சொல்லுவேன்."

"நீங்க சரி பண்ணிடுவீங்களா?" என்றாள் டீச்சர்.

"வாரம் ஒரு தடவை வாங்க, மூணு மாசம். பிடிச்சதை விடறதுக்குப் பழக்கறேன். நல்லாக் குறையும்னு நினைக்கறேன். முழுசாப் போயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

நிறைய பேருக்கு ஆகுது என்றார் சர்ஜன். குறையும்னு நினைக்கறேன் என்கிறாள் இவள். ஒருத்தராவது அடித்துச் சொல்லித் தொலைத்தால் தேவலையே என்று இருந்தது டீச்சருக்கு.

*

மணி மூன்று இருபது. ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் ஸ்டியரிங்குக்கு முன்னால், அவள் வழக்கம் போலப் பக்கத்தில்.

"என்னைக் கேக்காம ஒன்பதை எப்படி அடிச்சீங்க?"

"பழக்கம்."

"பொய் சொல்லாதீங்க. பழக்கம்னா என்கிட்ட சொல்லியிருப்பீங்க."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினார். "அந்த மூணாவது டாக்டர் சிரிச்சாருல்ல? நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். வீட்டுக்கு வர்ற வரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசல. இவரும் ஒன்பதைப் பாத்துட்டு சிரிச்சா என்ன பண்றது? அஞ்சுன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க. நம்புவாங்க."

"நம்பினாரே" என்றாள் அவள்.

அதுதான் அவளை அதிகமாகக் குழப்பியது. மூன்று வருஷத்தில் ஒரே ஒரு டாக்டர் அவளை நம்பினார். அவர் நம்பியதோ அவள் எழுதாத கணக்கை. உண்மைக் கணக்கை நீட்டினால் அவரும் சிரித்துவிடுவாரோ? கணவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தாள், திட்டுவதற்கு மனசு வரவில்லை. சும்மா விடவும் மனசு வரவில்லை.

போன் அடித்தது. அண்ணி.

"சொல்லியாச்சா? நர்ஸ் வேலை தெரிஞ்ச அம்மா ஒருத்தங்களைப் பேசி வச்சிருக்கேன், திங்கட்கிழமை ராத்திரியே வந்துடச் சொல்லட்டுமா?"

"கூப்பிடறேன் அண்ணி" என்று வைத்துவிட்டாள்.

"சர்ஜன்கிட்டயே பேசிடுவோம்" என்றார் கணவர்.

பேச முடியவில்லை. சர்ஜன் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார், ஆறு மணிக்கு முன்னால் வெளியே வர மாட்டார். தேதி கொடுக்கிற மேஜைப் பெண்தான் போனை எடுத்தாள். குரலில் நாள் முழுக்கப் பேசிய களைப்பு.

"நாலு மணிக்கு லிஸ்டை மூடணுங்க. திங்கட்கிழமை உறுதிதான?"

"ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமா?" என்றாள் டீச்சர். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ஒரு வாரமெல்லாம் இல்லைங்க. இதை விட்டா அடுத்தது ஏழு மாசம் கழிச்சுத்தான்."

ஏழு மாதம் என்றால் முப்பது புதன்கிழமை. ஒருவேளை சர்ஜன் சொல்வதுதான் சரியாக இருந்தால், முப்பது புதன்கிழமையும் தானாகவே போய் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும். பிசியோ அம்மா சொல்வது சரியாக இருந்தாலோ, திங்கட்கிழமை எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் வழக்கமாக ஒரு வழி சொல்லுவார். இன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அந்தத் தேதியை வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள் டீச்சர்.

சொன்ன பிறகுதான் தான் சொல்லிவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

"நிச்சயமாவா?"

"நிச்சயம் எல்லாம் இல்லைங்க. ஆனா குடுத்துடுங்க."

"சரி. காரணம் ஒண்ணு போட்டாத்தான் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகும். வெளியூர் பயணம், காய்ச்சல், குடும்பத்துல துக்கம், பயம். நாலுதான் இருக்கு. பயம்னு போட்டுடட்டுமா? நிறைய பேர் அதைத்தான் போடச் சொல்லுவாங்க."

பயம்தானோ என்று டீச்சருக்கே சந்தேகம் வந்துவிட்டது. போட்டுக்கோங்க என்று சொல்ல இருந்தாள்.

"பயம்னு போடாதீங்க" என்றார் கணவர்.

"நீங்க யாருங்க?"

"வீட்டுக்காரர். அவ பயப்படல. வலிக் கணக்கை நான் மாத்தி எழுதிட்டேன். டாக்டர் அந்தத் தப்புக் கணக்கைப் பாத்துத்தான் தேதி குடுத்தார். அதை எழுதிக்கங்க. தப்பு பண்ணினது நான்னு எழுதுங்க."

"அதுக்கெல்லாம் இதுல இடம் இல்லைங்க" என்றாள் மேஜைப் பெண். குரல் மாறியிருந்தது. "இதை நீங்க டாக்டர் முகத்தைப் பாத்துத்தான் சொல்லணும். நாளைக்குக் காலையில எட்டரைக்கு, ரவுண்ட்ஸுக்கு முன்னாடி வாங்க. ரெண்டு பேரும் வாங்க. ஒண்ணு சொல்லிடறேன், அவர் கோபக்காரர். இனிமே உங்க கேஸே வேண்டாம்னு சொன்னாலும் சொல்லிடுவார்."

"சொல்லட்டும். வர்றோம்" என்றார் கணவர்.

போன் அணைந்தது. இருபது வருஷத்தில் இவர் கையெழுத்துப் போட்ட ஒரு பாட்டில் கூடத் திரும்பி வந்ததில்லை என்று பெருமை அடித்துக்கொள்கிற மனுஷர். தப்பு என்னுது என்று அவர் யாரிடமும் சொல்லி அவள் கேட்டதில்லை. அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது. கையில் இருந்த ஒரே தேதியையும் விட்டுவிட்டோமே என்ற பயத்திலும் வந்தது. நாளைக்குச் சர்ஜன் கதவைச் சாத்திவிட்டால் அப்புறம் யாரிடம் போவது என்று நினைத்தும் வந்தது. எதற்காக அழுகிறாய் என்று அவர் கேட்டார். தெரியலையே என்று சொல்லிவிட்டு அவள் இன்னும் அழுதாள்.